செல்வி கேட்ட கனமான ஸ்டாண்டு

எட்சனைப் போல ஒரு மடையனைப் பார்க்க முடியாது, அவனைப் போல ஒரு நல்லவனையும் பார்க்க முடியாது. அவன் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்லியிருக்கிறேன். ஏரிக்கரையில் மீன் வறுத்து விற்கிற மங்கம்மாவுக்கு யாரிடம் என்ன பயம்?

சூளகிரிப் பக்கம் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் பிரஸ் மெஷின் ஓட்டினான். அந்த மெஷினில்தான் வலது கையில் மூன்று விரல்கள் போயின. பிறகு அவனைச் செக்கிங் வேலையில் உட்கார வைத்தார்கள். வேலை போகவில்லை, ஆனால் மனுசன் போய்விட்டான். சாயங்காலமானால் பாட்டில்தான். அவன் பெண்டாட்டி ஜெயசெல்விதான் காதைப் பிடித்து இழுக்காத குறையாக இழுத்து வந்து ஏரியில் இறக்கினாள். மீன் பிடிக்கப் போனால் அன்றைக்குக் குடிக்க மாட்டான் என்று எப்படியோ கண்டுபிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பைக்கில் வந்துவிடுவார்கள். ஃபைபர் பரிசல். அவன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுவான், எதிர் ஓரத்தில் அவள் தூண்டிலைப் பிடித்திருப்பாள். மீன் கடித்ததும், "செல்வி, புடி!" என்று கத்துவான். அவள் இழுத்துப் பிடிக்க, அவன் இடது கையால் தூண்டில் நரம்பைச் சுருட்டுவான்.

"ரெண்டு பேருக்கும் சேத்து மூணு கை. போதும்கா, இன்னாத்துக்கு நாலு?" என்று சிரிப்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர்களுக்கு ஏரிதான் எல்லாம்.

போன வருசம் அவளுக்கு வயிற்றில் கட்டி. பெங்களூரு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பாழாய்ப் போன கட்டி இவளையா தேடி வரவேண்டும்? ஒருநாள் என் கடை நாற்காலியில் சாய்ந்துகொண்டு புருசனிடம் சொன்னாள்: "இனிமே என்னால பரிசல்ல ஏற முடியாதுங்க. தூண்டிலப் புடிக்க ஒரு ஸ்டாண்டு போட்டுக்குங்க."

"நீ இல்லாம நான் போவன்னு நெனச்சியா?"

"போவணும். ஏரிக்குப் போகலன்னா வேற எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும்."

அவன் எழுந்துபோனான். அடுத்த வாரம் பிவிசி குழாயை வெட்டி ஒரு ஸ்டாண்டு செய்து எடுத்து வந்தான். ஜிலேபி மீனுக்கு அது போதும், சின்னத் தூண்டில், சின்ன இழுப்பு. ரோகு மீனுக்குத் தாங்குமா? பரிசல் விளிம்பில் திருகி மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். செல்வி கரையிலேயே அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள், கழுத்து முறிந்து கையோடு வந்தது. விரால் மீனுக்கு ஸ்டாண்டு என்ற பேச்சே கிடையாது, இரைக்குப் பதிலாக ரப்பர் தவளையைப் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். "விரால விட்டுடுங்க. கட்லா புடிங்க. தூண்டில நட்டு வெச்சிட்டுக் காத்திருக்கலாம். ஆனா கட்லா இழுத்தா பரிசலே போவும். நல்ல இரும்புல, கனமா செய்ங்க" என்றாள்.

இங்கேதான் அந்த மடையன் தன் கம்பெனி புத்தியைக் காட்டினான். அங்கே ஒரு பாகத்தில் கொஞ்சம் கனத்தைக் குறைக்க வழி சொன்னால் கைதட்டிப் பரிசு கொடுப்பார்கள். அவனும் ஒருமுறை ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறான். அந்த நினைப்பில், அலுமினியத் தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டு, பளபளவென்று ஒரு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அவள் அதை இரண்டு விரலால் தூக்கினாள், அப்படியே மண்ணில் எறிந்தாள்.

"இன்னா இது, சாவிக்கொத்தா? கனமா கேட்டன் இல்ல?"

"புடிப்பு நட்டுலதான் செல்வி இருக்குது, கனத்துல இல்ல. பரிசல் விளிம்புல ஓட்ட போட்டு, உள்ள பிளேட் வெச்சி முடுக்கினா எந்தக் கட்லாவும் அசைக்க முடியாது."

"எனக்குக் கனமாதான் வேணும்."

"ஒடம்பு முடியலன்னா எதுக்கெடுத்தாலும் சண்டையா?" என்று முணுமுணுத்துவிட்டு டீ வாங்கப் போனான்.

அவன் தலை மறைந்ததும் நானும் அவளைத் திட்டினேன். "ஏன்டி, நல்லாத்தான செஞ்சிருக்கான்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவுரு அந்த ஓரத்துலயே உக்காந்து பழகிட்டாரு. எதிர்ல நான் இல்லன்னா பரிசல் அவுரு பக்கம் சாஞ்சிடும். அந்தக் கைய வெச்சிக்கிட்டு நீச்சலும் முடியாது."

"ஒரு கல்ல வெச்சிக்கட்டும்."

"கல்லு உருளும்கா. ஸ்டாண்டுன்னா முடுக்குன எடத்துலயே இருக்கும். நான் இல்லாததுக்குத்தான் இதுன்னு சொன்னா அழுவாரு, ஏரிப் பக்கமே வரமாட்டாரு. மாதா மேல ஆணை, சொல்லிடாதீங்க."

எனக்கு முனீஸ்வரன், அவளுக்கு மாதா. ஆனால் ஆணை என்றால் ஆணைதான். தலையாட்டினேன். அடி பாவி மகளே, சாகப் போகிறவள் பரிசல் சாய்வதை நினைத்துக் கவலைப்பட்டாளே என்று அன்றைக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அழுதேன்.

ஆடியில் போய்விட்டாள். எட்சன் ஏரிப் பக்கம் வரவில்லை. அவள் பயந்தபடியே பாட்டிலைத் தேடிப் போனான். அவன் வீட்டு வாசலுக்கே போய் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தேன். அந்த அலுமினிய ஸ்டாண்டை அவள் இருந்த ஓரத்தில் முடுக்கிக்கொண்டு கிளம்பினான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் பக்கத்து விளிம்பு மேலே தூக்குகிறது, அவன் பக்கம் தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒரு காற்று வந்தது, கவிழ்ந்தது. நல்லவேளை, கரையோரம். வலைக்காரர்கள் ஓடிப்போய் அவனையும் பரிசலையும் இழுத்து வந்து போட்டார்கள்.

நனைந்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு சொன்னான்: "ஸ்டாண்டு அசையவே இல்லக்கா. பரிசல்தான் கவுந்துடுச்சி."

இதற்கு மேல் என்ன ஆணை? மாதா என்னை மன்னிக்கட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டு, பரிசலில் இருந்த அந்த அலுமினிய ஸ்டாண்டைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கடைசியா ஆஸ்பத்திரில எடை பாத்தப்ப பஞ்சு மாதிரி இருந்தா அக்கா. ரொம்ப எறங்கிட்டாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அவ கனம் கேட்டது எதுக்குன்னு அப்பவும் எனக்குப் புரியல."

அடுத்த முறை வந்தபோது புது ஸ்டாண்டை ஆட்டோவிலிருந்து இறக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. தடித்த இரும்புப் பிளேட்டு, ஓர் ஓட்டை இல்லை. போல்ட்டு போகிற துளை மட்டும். அவள் உட்கார்ந்த இடத்திலேயே முடுக்கினான். பரிசல் நேராக நின்றது.

நடு ஏரியில் கட்லா கடித்தது. தூண்டில் வில்லாக வளைந்ததைக் கரையிலிருந்தே பார்த்தேன். "செல்வி, புடி!" என்ற சத்தம் தண்ணீரைத் தாண்டி என் கடை வரைக்கும் கேட்டது.

ஸ்டாண்டு பிடித்துக்கொண்டது. அவன் சுருட்டவில்லை. மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. அவன் தன் ஓரத்திலேயே, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதான். பரிசல் சாயவில்லை.