நாற்பத்தெட்டுக் குச்சிகள்

எங்கள் பள்ளியின் சாரணியர் படை என் பொறுப்புக்கு வந்ததற்குக் காரணம் பல்வலி. பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த அன்றைய ஸ்டாஃப் மீட்டிங்குக்கு நான் போகவில்லை. வராதவர் தலையில் கட்டுவதுதான் எங்கள் பள்ளி வழக்கம். கணக்கு டீச்சருக்குக் கயிற்று முடிச்சும் கூடாரமும் எதற்கு என்று தலைமையாசிரியையிடம் சண்டை போட்டேன். "பயிற்சி கொஞ்ச நாள்தானே, போய்ட்டு வாங்க" என்று சிரித்தார். முறைத்துக்கொண்டே போன நான் இடது கையால் கை குலுக்கவும், விசில் கேட்டால் ஓடிப் போய் வரிசையில் நிற்கவும் பழகித் திரும்பினேன். அந்தப் பல்லுக்கு இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். மயில், குயில் என்று ஆறாறு பேராக இரண்டு அணி. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு எங்களுடையது. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஸ்கார்ஃப் கட்டும்போது அதன் நுனியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்தால்தான் அதை அவிழ்க்கலாம். இந்த முடிச்சுக்காக என் பிள்ளைகள் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து சீட்டில் உட்கார வைப்பார்கள். கண்டக்டர் ஒருநாள் என்னிடமே முறையிட்டார்.

பொங்கல் லீவு முடிந்த சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் போவதென்று முடிவு செய்தோம். அனுமதிக் கடிதங்களில் ஒன்று மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. குயில் அணித் தலைவியின் அப்பா போடவில்லை. கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். நான் நேரில் போனேன்.

"மலைக்கா? பொட்டப் புள்ளைங்கள இட்டுக்கினு அங்க போயி இன்னா பண்ணப் போறீங்க டீச்சர்?"

பாதை கண்டுபிடிக்கும் பயிற்சி என்றேன். குச்சியில் அம்புக்குறி செய்து வைத்துக்கொண்டே ஒருவர் முன்னால் போவார், மற்றவர்கள் அதைப் பார்த்து வருவார்கள் என்று விளக்கினேன். பதினாறு அம்பு, ஒரு அம்புக்கு மூன்று குச்சி, மொத்தம் நாற்பத்தெட்டு என்று கணக்குக்கூடச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதவுக்குப் பின்னால் அவர் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மணிக்கு நானே கொண்டாந்து உங்க வாசல்ல விடறேங்க" என்றேன்.

"சரிங்க, உங்கள நம்பி அனுப்பறேன். ஆறுன்னா ஆறு. தவறிச்சின்னா இதோட நிறுத்திக்குவா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தெருவிலிருந்து மட்டும் நான்கு பெண்கள் வந்தார்கள். மற்ற மூன்று வீட்டிலும் இவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இவர் மகள் நின்றால் நான்கு பேரும் நிற்பார்கள், எட்டுப் பேரை வைத்துக்கொண்டு படை நடத்த முடியாது. எனக்கு இது நன்றாகவே தெரியும்.

மலை பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினோம். வனத்துறையில் கேட்டு வாங்கிய ஒற்றையடிப் பாதை, ஒன்றரை மைல் இருக்கும். புல்லில் கல் தெரியாது என்று, கீழே கிடந்த காய்ந்த குச்சிகளாலேயே அம்பு செய்து வைத்தபடி நான் முதலில் நடந்தேன். வளைவுக்கு வளைவு அம்பு. என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. துணைக்கு வந்த தமிழம்மா முதலில் குயிலையும், அரைமணி கழித்து மயிலையும் அனுப்பிவிட்டு, சாப்பாட்டுப் பைகளோடு தார் ரோடு வழியாக வருவதாக ஏற்பாடு. கடைசியாக வரும் அணி குறிகளைக் கலைத்துவிட வேண்டும். இது சாரணர் ஒழுங்கு. காட்டில் நம் அடையாளத்தை விட்டுவிட்டு வரக்கூடாது.

பாதை முடியும் குளத்தருகே நான் காத்திருந்தேன். முதலில் வந்தது மயில். ஆறு பேரின் ஸ்கார்ஃபிலும் முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"குயில் எங்கடி?"

"அவுங்க அப்பவே வந்துட்டாங்க இல்ல மிஸ்?"

வரவில்லை. நெல்லி மரத்தைப் பார்த்த குயில்கள் பாதையை விட்டு ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மயில்கள் அவர்களைத் தாண்டி வந்துவிட்டார்கள். தாங்கள்தான் கடைசி என்று நினைத்து, ஒழுங்காக ஒவ்வொரு அம்பையும் கலைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"குச்சிய சும்மா வீசறதுக்குப் பதிலா, வெறகு பொறுக்கிக்கினு இருந்த ஒரு அம்மாகிட்ட எல்லாத்தயும் குடுத்துட்டோம் மிஸ். முடிச்சும் அவுத்துட்டோம்" என்று மயில் தலைவி பெருமையாகச் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒழுங்கை மீறியவளைத் திட்டலாம். இரண்டு ஒழுங்கையும் ஒன்றாகக் காப்பாற்றி ஆறு பேரைக் காட்டில் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறவளை என்ன சொல்லித் திட்டுவது? போனில் சிக்னல் இல்லை. மணி இரண்டரை. தமிழம்மா வந்ததும் மற்றவர்களை அவரிடம் விட்டுவிட்டு, மயில் தலைவியை இழுத்துக்கொண்டு வந்த பாதையிலேயே திரும்பி ஓடினேன். அவளும் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

பாதி வழியில் அந்த விறகுக்காரம்மா எதிரே வந்தார். நாற்பது வயது இருக்கும், தலையில் பெரிய கட்டு. விஷயத்தைச் சொன்னதும் கட்டை இறக்கிப் பாதையோரம் வைத்தார்.

"வாங்க. அந்த ஓடையாண்ட மூணு வழி பிரியும். அங்கதான் தவறியிருக்கும்."

மூன்று வழி பிரியும் இடத்தில் என் அம்பு இல்லை. ஆனால் தரையில் கூழாங்கற்களால் ஒரு சதுரம் இருந்தது, அதிலிருந்து ஓர் அம்பு. கடிதம் இந்தப் பக்கம் என்று அர்த்தம். நான் கற்றுக்கொடுத்த குறி. கற்றுக்கொடுத்த நானே அதைப் பார்த்ததும் அர்த்தம் மறந்து ஒரு நிமிஷம் நின்றேன். கல்லுக்கு அடியில் நோட்டுத் தாள் இருந்தது. "மிஸ், குறி கிடைக்கல. எந்த வழியும் போகல. மேல இருக்கிற பெரிய பாறையில உக்காந்துக்கினு இருக்கோம். ஆறு பேரும் இருக்கோம்." குயில் தலைவியின் கையெழுத்து. நான் விசிலை மூன்று முறை ஊதினேன். பாறையிலிருந்து மூன்று முறை பதில் வந்தது.

கட்டிக்கொண்டு அழுதேன். கணக்கு டீச்சர் அழுவதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். மடி நிறைய நெல்லிக்காய் வைத்திருந்ததால் அவர்களால் சரியாக என்னைக் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

அப்போதே கிளம்பியிருந்தால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். விறகுக் கட்டு கிடந்த இடம் வந்ததும் குயில் தலைவி நின்றாள். ஆறு பேரின் ஸ்கார்ஃபிலும் முடிச்சு அப்படியே இருந்தது. "மிஸ், அவுங்க நமக்காக எறக்கி வெச்சிட்டு வந்தாங்க" என்றாள். ஆறு மணி என்று நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது, அவளுக்கும் இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் நானே குனிந்து கட்டின் கயிற்றை அவிழ்த்தேன். கட்டைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்து, அந்த அம்மாவின் வீட்டில் இறக்கினோம். அவர் கொடுத்த மோரைக் குடித்தோம். குளத்தருகே காத்திருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் நாலு மணி பஸ் போய்விட்டது.

குயில் தலைவியின் வீட்டு வாசலுக்குப் போனபோது மணி ஆறே முக்கால். அப்பா தெருவில் நின்றுகொண்டிருந்தார். பஸ் லேட் என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்றவளின் ஸ்கார்ஃபைப் பார்த்தேன், முடிச்சு அவிழ்ந்திருந்தது. நெல்லி மரத்திலிருந்து மோர் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மகளை உள்ளே போகச் சொன்னார், அவரும் போய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டுப் பேர்தான் வந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் நான்கு பேரும் முந்தின பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று நான் யாரையும் திட்டவில்லை. திட்டாததைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு மணி அடித்தபோது, மைதானத்தில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. குயில் தலைவியின் அப்பா இறங்கினார். வகுப்பிலிருந்து அவர் மகளும் மற்ற மூன்று பேரும் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். அவர் சணல் கயிற்றால் கட்டிய ஒரு குச்சிக் கட்டை, மைதானத்து மரத்தடியில் போட்டிருந்த என் மேசைமேல் வைத்தார். எல்லாம் ஒரே அளவாக, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிச் சீவியவை. ஒவ்வொன்றின் ஒரு நுனியிலும் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"வெறுங்குச்சி வெச்சா வெறகுன்னுதான் குடுப்பாங்க, எடுப்பாங்க. அடுத்த தபா இத வைங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகள் எதிரில் மறுபடியும் அழக்கூடாது என்று குச்சிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தெட்டு இருந்தது.