ஆறு நாள் படப்பிடிப்பு

திருமூர்த்தியின் தொட்டிக்கட்டு வீட்டை ஆனைமலைக்கே வராதவர்களும் பார்த்திருப்பார்கள். நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள். பத்துப் பதினைந்து படங்களில் பண்ணையார் வீடாக வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாசாணியம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் விசாரித்து வந்து, வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மோர் கொடுப்பது அவர் மனைவி கருப்பாத்தாள். எந்தத் தூணில் சாய்ந்து எந்தக் கதாநாயகி அழுதாள் என்று காட்டுவதும் அவள்தான். "அழுகறதுக்குன்னே ஊடு கட்டிப்போட்டாரு எங்க மாமனாரு" என்பாள்.

போன தை மாதம் அவளுக்கு ஈரலில் புற்று முற்றிவிட்டது. இனி வைத்தியமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். காரில் திரும்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங்க, என்ர உசுரு நம்ம ஊட்டுக்குள்ள போகோணுமுங்க. வேறெங்கயும் உட்டுப்போடாதீங்க."

அவர் சரி என்றார்.

மாசியில் தனபால் வந்தான். படக் கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறவன். ஆறே நாள் என்றான். முடியாது என்றார் திருமூர்த்தி. அவன் வற்புறுத்தவில்லை, அப்படியானால் கம்பெனி சத்தியமங்கலத்துக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னான். சாயங்காலத்துக்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. படப்பிடிப்புக்குச் சமைத்துப் போடும் நிஜாமும் வந்திருந்தார். மாட்டுவண்டியை வாடகைக்கு விடும் ராசம்மாள், போன வருஷம் ஒரு படம்கூட வரவில்லை என்றாள். உள்ளே படுத்திருந்த கருப்பாத்தாளுக்கு எல்லாம் கேட்டது. அவளே அவரைக் கூப்பிட்டாள்.

"குடுத்துப்போடுங்க. அஞ்சாறு நாளைக்கு நான் தாங்குவனுங்க."

அடுத்த வீதியில் இருந்த அவள் தங்கை பாவாத்தாள் வீட்டுக்குக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். திருமூர்த்தி பக்கத்தை விட்டு நகரவில்லை. விடிந்ததும் இன்னும் எத்தனை நாள் என்று அவள் கேட்பாள். நான்காம் நாள் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு உயிர் பிரிந்தது.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். மிச்சத்தை வேறிடத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று அரைமணி நேரத்தில் வீட்டைக் காலி செய்து, கூட்டியும் விட்டார்கள். நிஜாம் அவர்களுக்கு வடித்த சோற்றை எழவுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார். ஆனால் பங்காளிகள் ஒப்பவில்லை. வெளியே உயிர் போனவர்களை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கமில்லை, வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

"நாந்தானுங்க அவளை வெளிய அனுப்புனேன். தப்பு என்ரதுங்க, அவளுதில்லீங்க" என்று ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னார். யாரும் கடிந்து பேசவில்லை. தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். திறந்த கதவுக்கு நேரே, பத்தடி தள்ளி அவளைக் கிடத்தினார்கள்.

எரித்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவி, உள்ளே ஏற்றி வைத்த விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். திருமூர்த்தியும் கழுவினார். வாசற்படியோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க மாமா, வெளக்கக் கும்புடோணும்" என்றாள் பாவாத்தாள்.

"அவளை உடாத ஊட்டுக்குள்ள எனக்கென்ன சோலி அம்மணி" என்றவர், பந்தல்காரர்கள் அடுக்கிக்கொண்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.