சுவரோடு பதித்த பெஞ்சு

எண்பதுகளில், போடியில் இருந்த என் தச்சுப் பட்டறைக்கு, மரச்சட்டங்களைக் கோணம் வைத்து அறுக்கும் ரம்பம் ஒன்று வாங்கினேன்.

"மலையிலதான சோலி அதிகம். மடக்குற ஸ்டாண்டா செஞ்சா ஜீப்புல ஏத்திட்டுப் போகலாம்ல" என்றாள் என் மனைவி.

ஆடாத பெஞ்சில்தான் வெட்டு சுத்தமாக விழும் என்று பிடிவாதம் பிடித்தேன். சுவரோடு பெஞ்சைப் பதித்து, அதில் ரம்பத்தை போல்ட்டுப் போட்டு முடுக்கினேன்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் புது பங்களா. கூரையடியில் சுவரைச் சுற்றி ஓட வேண்டிய சட்டங்களைப் பட்டறையிலேயே அறுத்துக் கொண்டுபோனேன். ஒரு மூலையிலும் சேரவில்லை. விரல் நுழையும் இடைவெளி. தோட்ட முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொத்தனார் மூலைமட்டமே பாக்கலங்க, செவரு கோணலா நிக்குது" என்று சொல்லிவிட்டேன். என் கண்முன்னே கொத்தனாருக்கு வசவு விழுந்தது.

மறுநாள் ரம்பத்தைக் கழற்றி, புதுச் சட்டங்களோடு ஜீப்பில் ஏறினேன். அங்கே ரம்பத்தை வைக்க இடம் தேடியபோது, அதே கொத்தனார் தன் சாரப் பலகையை இரண்டு முக்காலிமேல் போட்டுக் கொடுத்தார்.

"பாறைய ஒட்டிக் கட்டுனதுண்ணே. மொதலாளி காட்டுன எடம் அப்பிடி, மூலை சதுரமா வராது. ஒவ்வொரு மூலையா அளந்து இங்கனயே அறுங்க."

பலகை ஆடாமல் அவரே பிடித்துக்கொண்டார். சட்டங்கள் கச்சிதமாகப் பொருந்தின. முதலாளி வந்து என்னைப் பாராட்டினார். கொத்தனார் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரமே மடக்கு ஸ்டாண்டு செய்துவிட்டேன். பெஞ்சைச் சுவரோடு பதித்தது தப்பு என்று மனைவியிடம் ஒத்துக்கொள்வது எளிதாக இருந்தது. அந்தக் கொத்தனாரிடம்தான் முடியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.