மெல்லிய சுவர் தேடும் ஒகிமோட்டோ

"பக்கத்து ரூமுக்குப் போய்க் கொஞ்சம் இருமிக் காட்டுங்கம்மா" என்கிறார் ஒகிமோட்டோ.

விடுதிக்கார அம்மாள் விழிக்கிறாள். அறை பார்க்க வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள், வெந்நீர்த் தொட்டி எத்தனை பெரிது என்று கேட்பார்கள். இருமச் சொன்ன ஆள் இவர்தான். ஆனாலும் விருந்தாளி சொல்லைத் தட்டக்கூடாதே. போய், கிமோனோக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நோகாமல் இருமுகிறாள்.

"அது காணாதும்மா. சளி பிடிச்ச லாரி டிரைவர் மாதிரி இருமுங்க!"

இருமுகிறாள். பலகைச் சுவரைத் தாண்டி, தொண்டைக் கரகரப்பு உட்பட எல்லாம் கேட்கிறது. திரும்பி வந்து இடுப்பு ஒடியக் குனிகிறாள். "ரொம்பப் பழைய வீடுங்க. மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? பிரமாதம்!" என்று சட்டைப்பை நோட்டில் ஒரு வட்டம் போடுகிறார்.

ஒகிமோட்டோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓனோமிச்சி கடைத்தெருவில் கண்ணாடி வெட்டுகிற தொழில். ஒவ்வொரு அக்டோபரிலும் கடைத்தெருச் சங்கத்தார் ஒன்பது பேர் ஷட்டரை இறக்கிவிட்டு ஏதாவதொரு நகரத்துக்குப் போய், ஒரு நாள் தங்கி வெந்நீரில் ஊறிவிட்டு வருவார்கள். எங்கே தங்குவது என்று பார்த்து முடிவு செய்வது பதினேழு வருஷமாக இவர் பொறுப்பு. முன்னதாகவே தனியாகப் போய் நாலைந்து விடுதி ஏறி இறங்குவார். தலையணையை முகர்ந்து பார்ப்பார். குளிக்கிற இடத்தில் முக்காலிகளை எண்ணுவார். நடைச்செருப்பைப் போட்டு நாலடி நடப்பார். "செருப்பு பிஞ்சிருந்தா சோறு குழைஞ்சிருக்கும்" என்பது அவர் சாஸ்திரம். ஏன் என்று கேட்டால் முறைப்பார்.

இருமல் சோதனையும் பழையதுதான். போன வருஷம்வரை, சத்தம் கேட்காத அறைக்குத்தான் வட்டம். இந்த வருஷம் தலைகீழ். மத்சுயாமா நகரத்தில் மூன்று நல்ல விடுதிகளை, சத்தமே இல்லை என்ற குற்றத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

காரணம், கருவாட்டுக்கடை யசுகாவா அக்கா. பிப்ரவரியில் அவள் புருஷன் இறந்துபோய்விட்டான். கோடையில் அவள் கடைக் கண்ணாடியை மாற்ற ஒகிமோட்டோ போனபோது, அக்கா கல்லாவிலேயே தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பூனை ஒன்று அயிலையை நிதானமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷம் அந்தாளு குறட்டையைத் திட்டித் திட்டியே தூங்கினவடா நான். இப்போ கண்ணை மூடினா ஒரு சத்தமும் இல்ல. எப்படித் தூங்குறது? இந்தத் தடவை நான் வரல, கண்ணாடிக்காரா. அங்க வந்தும் முழிச்சுக் கிடக்கவா?"

"நான் பாத்துக்கறேன். நீங்க வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பார்த்துக்கொள்ள ஆளும் அவரிடம் இருந்தான். சலூன்கடை ஓரிபே. மத்தியானத்தில் வாடிக்கையாளர் இல்லையென்றால் முடிவெட்டும் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவான். அவன் விடுகிற குறட்டையில் கடையின் முன்பக்கக் கண்ணாடி அதிரும். ஒகிமோட்டோ இரண்டு தடவை சட்டத்தில் பட்டி பூசி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், விடுதி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிடுங்கக் காத்திருப்பதும் இதே ஓரிபேதான். சங்கக் கூட்டத்தில் செல்போனை நீட்டி, "கோட்டைக்குப் பக்கத்துல பத்து மாடி ஹோட்டல், நாலரை நட்சத்திரம். இவரு கூட்டிட்டுப் போறது எலி தும்மினா கேக்குற வீடு!" என்றான். அவன் எங்கிருந்தோ விசாரித்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "சரி, இந்தத் தடவை யாராவது ஒருத்தர் குறை சொன்னாலும் அடுத்த வருஷம் ஓரிபே பாக்கட்டும்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஒகிமோட்டோ சரியென்று தலையாட்டினார். காரணத்தைச் சொன்னால் அக்கா மானம் கப்பலேறும்.

பயண நாள் வந்தது. மூன்று மணிக்கு விடுதிக்குள் நுழைந்து, எல்லோரும் வெந்நீரில் ஊறி, பருத்தி அங்கிக்கு மாறினார்கள். மற்றவர்கள் டிராம் பார்க்க, மிட்டாய் வாங்க என்று கிளம்பினார்கள். முழங்கால் வலியென்று அக்கா அறையிலேயே தங்கினாள். பக்கத்து அறையில் ஓரிபே, குளித்த கையோடு பாயில் சாய்ந்தான். ஒகிமோட்டோ இரண்டு கதவுக்கும் நடுவே நடையில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் ரம்பம் ஓட ஆரம்பித்தது.

"கண்ணாடிக்காரா!" அக்காவின் குரல். "இதென்ன ரூமா, மரம் அறுக்குற பட்டறையா?"

குறை சொல்லியாயிற்று. பதினேழு வருஷப் பொறுப்பு போச்சு.

"மன்னிச்சுக்குங்கக்கா. வேணும்னா எழுப்பி விடட்டா?"

சுவரில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது. "ஏய், திரும்பிப் படு! மனுஷன் தூங்க வேணாம்?" அக்காவின் குரல்தான், ஆனால் தடித்த குரல், கடைத்தெருவில் யாரும் கேட்டிராத குரல். ரம்பம் ஒரு கணம் நின்று, வேறு சுருதியில் ஓடியது. "சொன்னாக் கேக்குற ஜென்மமா நீ..." என்று தொடங்கிய அக்கா, வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒகிமோட்டோ மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். மெல்ல, சீராக, தண்ணீர் கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு சின்னக் குறட்டை அக்கா அறையிலிருந்தும் வந்தது. தேநீர்த் தட்டோடு வந்த பணிப்பெண்ணைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். டிராம் பார்த்துவிட்டு வந்தவர்களை முறைத்தே மாடிப்படியில் நிறுத்தினார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ரம்பம் நின்றது. ஓரிபே கொட்டாவி விட்டு எழுந்து உட்காருகிற சத்தம். சுவருக்கு அப்பால் கெட்டில் சற்றுத் தடுமாறியது, அக்கா புரண்டாள்.

ஒகிமோட்டோ கதவை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"என்னண்ணே, தீப்பிடிச்சிருச்சா?"

"வாயை மூடு."

ஓரிபேயைத் தோளில் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் மல்லாந்து, சுவருக்கு நேராகத் தலையை வைத்து, கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, முரட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.