மச்சாள் எரித்த எரு

போன ஞாயிறு கொடிகாமத்தில் அண்ணை வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு போத்தல். உள்ளே அவித்த அரிசி, அதன்மேல் பச்சைப் பசேலென்று பங்கசு என்னும் பூஞ்சை. தக்காளியை வாட்டும் நோய்க்கிருமியை மண்ணுக்குள்ளேயே அழித்துவிடும் நல்ல பங்கசு – கம்பஸில் நானே வளர்த்தது. கம்பஸ் இருக்கும் திருநெல்வேலியில் பஸ் ஏறியதிலிருந்து மடியை விட்டு இறக்கவில்லை. பயிர்மருந்தும் பசளை உரமும் வராத நாளில் எவ்வளவு பெரிய பரிசு!

அண்ணையின் தக்காளி முழுவதும் வாடிப் போயிருந்தது. மிச்சம், நாற்றுமேடையில் நிற்கும் நாற்றுகள் மட்டும். இரண்டு கிழமைக்குள் நடாவிட்டால் அவையும் முற்றிவிடும்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

"உது எங்கடை எருக்கும்பியிலை பூத்த பூஞ்சணமெல்லோ?"

"சும்மா இருங்கோ மச்சாள். இது லாப்பிலை வளர்த்தது."

"அதே பச்சை. அதே தேங்காய்ப்பூ மணம்."

எனக்கு முகம் சுட்டது.

வாசகர்களே, நினைவிருக்கிறதா? சில வாரங்களுக்கு முன் இதே இடத்தில் எழுதினேனே – பூஞ்சணம் பிடித்த எருவை எரித்துவிடுங்கள் என்று? எந்தப் பூஞ்சணம் என்று பார்த்தேனா? பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள்... நான் சொன்னால் பிழைக்குமா?

மச்சாளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ரெண்டுதரம் வாசிப்பிச்சனான். உன்ரை அண்ணர் வேண்டாமெண்டவர். 'எங்கடை பெட்டை பேப்பரிலை பொய்யே எழுதுவாள்?' எண்டு நான்தான் நெருப்பு வைச்சனான்."

அண்ணை செத்த தக்காளிக் கண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏசியிருக்கலாம்.

போத்தலில் உள்ளதைத் தனியே போட்டுப் பயனில்லை. நன்றாக உக்கி மக்கிய எருவில் கலந்து, ஈரச்சாக்கால் மூடி, ஒரு கிழமை பெருகவிட்டு, பிறகுதான் நாற்றுக் குழியில் இடவேண்டும்.

"கொஞ்சமாவது எரு மிச்சமிருக்கே மச்சாள்?"

"சாம்பல் இருக்கு. சட்டி விளக்க எடுத்து வைச்சனான். வேணுமே?"

எரு அள்ளிய பழைய ஓலைக் கடகத்தின் அடியைச் சுரண்டி வந்து, திங்கட்கிழமை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அதேதான். நான் மாதக்கணக்காக வளர்த்தது, அவர்கள் எருக்குவியலில் தானாகவே வளர்ந்திருக்கிறது.

படித்த எனக்குத் தெரியாதது ஒரு குற்றமில்லை. தெரியாது என்று எழுத வெட்கப்பட்டேனே, அதுதான் குற்றம்.

என் எழுத்தை நம்பி எரித்தவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். நம்பாதவர்கள்... கொடிகாமத்துக்கு இரண்டு கடகம் எரு தந்துதவவேண்டும்!