ஹனீபா நானாவின் பதினேழு கடவுச்சொற்கள்

கடவுச்சொற்களைக் காவல் காக்கிற தொழிலில் ஒருவரும் நம்மைப் பாராட்ட மாட்டார்கள். ஒன்றுமே நடக்காத நாள்தான் நாம் ஒழுங்காக வேலை செய்த நாள், ஒன்றும் நடக்காததற்கு யார் வந்து நன்றி சொல்வது? இதே தொழிலில் கிடந்து அல்லாடுகிற சகபாடிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடி அறைதான் எங்கள் கந்தோர், எங்கள் அலுவலகம். நானும் சுமதி அக்காவும் இரண்டே பேர். கணினியோடு மல்லுக்கட்டுவது நான், வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவது அக்கா. யன்னலைத் திறந்தால் கோதுமை இறக்க வந்த கப்பல் தெரியும். கீழே தெருவில் மான்கள் வந்து வாழைப்பழத் தோல் தின்னும். மூன்று வருடம்கூட நீடிக்காத அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனத்துப் போகும்.

கலண்டர் தாளின் பின்பக்கம்

எங்களைத் தாங்கிப் பிடித்த வாடிக்கையாளர் ஹனீபா நானா. கிண்ணியாக்காரர், கப்பல் முகவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு இணையத்தில் பத்திரம் நிரப்பி அனுப்புவது அவர் வேலை. அதற்குப் பதினேழு இணையத்தளங்கள், பதினேழு கடவுச்சொற்கள். அத்தனையையும் பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி அலுமாரிக்குள் வைத்திருந்தார்.

அவற்றைப் பெட்டகத்தில் ஏற்றத்தான் நாங்கள் போனோம். பெட்டகம் என்பது இரகசியங்களைப் பூட்டி வைத்து, உரியவர் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுக்கிற ஒரு மென்பொருள். நானா ஒவ்வொன்றாக வாசித்தார், நான் பதிந்தேன், அக்கா சரிபார்த்தார். முடிந்ததும் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதில ஒண்டு வெளிய போனாலும் நம்மட கொடுக்கல் வாங்கல் அண்டைக்கே முடிஞ்சிது, விளங்கிச்சா?" அவர் போனால் கந்தோரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

தன் கதவைத் தானே தட்டியது

பிறகு நானாவுக்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றில் ஆசை வந்தது. கப்பல் விவரத்தைச் சொன்னால் அதுவே பத்திரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். ஆனால் அதன் கையில் கடவுச்சொல் போகக்கூடாது. இதற்கு நம் தொழிலில் ஒரு வழி உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கொண்டெய்னரை வைப்போம். துறைமுகத்து இரும்புப் பெட்டி இல்லை, கணினிக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு சின்ன அறை. உதவியாளர் வேலையை அந்த அறையிடம் சொல்லும். அறை பெட்டகத்திடம் கடவுச்சொல்லை வாங்கி, காரியத்தை முடித்து, பதிலை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

கொண்டெய்னருக்கான குறிப்பில், பெட்டகம் இருக்கும் இடம் "இதே கணினி" என்று எழுதி வைத்தேன். கொண்டெய்னருக்குள் இருந்து பார்த்தால் "இதே கணினி" என்பது அந்தக் கொண்டெய்னரேதான்! இரண்டு நாள் அது தன் கதவைத் தானே தட்டி, ஆளில்லை என்று திரும்பிக்கொண்டிருந்தது. உங்களில் எத்தனை பேர் இதில் தலைமயிரைப் பிய்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முகவரியைத் திருத்திவிட்டு விளக்கிச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார்: "இதுக்கேன் தம்பி கவலை? நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடுறனான்."

மருமகனைப் போல இல்லை

முதல் பத்திரம் போன காலை நானா எங்கள் கந்தோருக்கே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உதவியாளர் வானொலிச் செய்தி வாசிப்பவரின் தமிழில், "தங்கள் பத்திரம் சமர்ப்பிக்கப்பட்டது" என்றது. நானாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "கடவுச்சொல் இதுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாமலே வேல செய்யுதா?" ஓம் என்றேன்.

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் போல ஒன்றைப் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் நான் பார்த்ததில்லை. எழும்பும்போது சொன்னார்: "என்ட மருமகனுக்கு எல்லாம் தெரியும் தம்பி, வேலதான் செய்யமாட்டான்."

முதல்நாள் மரியாதை

அக்கா வேலை பார்த்த கந்தோர்களில் எல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவர் வந்தால் முதல்நாளே அவருக்குக் கதிரை, ஒரு கோப்பை பிளேன்ரீ, எல்லாக் கடவுச்சொல்லும் எழுதின ஒரு துண்டு. துண்டு கொடுக்காவிட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

ஒருநாள் நான் தோப்பூரில் ஒரு வேலையாக நின்றபோது கந்தோரில் மின்சாரம் போய் வந்தது. கணினி நின்று எழும்பினால் எங்கள் பெட்டகம் தானாகப் பூட்டிக்கொள்ளும். என் சாவி இல்லாமல் திறக்காது. அந்தச் சாவியை அக்காவிடமும் கொடுத்திருக்கலாம், நான் கொடுக்கவில்லை. என் கைத்தொலைபேசியும் செத்துக் கிடந்தது. நானாவின் கப்பலோ பத்திரத்துக்காகக் கடலில் காத்து நின்றது. உதவியாளர் அக்காவிடம், கடவுச்சொல்லைப் பெற முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அக்காவுக்கு எதையும் ஒருதரம் கேட்டால் போதும், மறக்காது; நானா அன்றைக்கு வாசித்ததும் அப்படித்தான்.

நான் வந்து மாடி ஏறியபோது பத்திரம் போயிருந்தது, கப்பல் உள்ளே வந்திருந்தது, அக்காவின் முகம் பூரித்திருந்தது. "பாவம், மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டிச்சு. வந்து ஒரு மாசம், ஒருத்தரும் அதுக்கு ஒண்டும் குடுக்கேல்ல. பதினேழையும் எழுதிக் குடுத்திட்டன் தம்பி."

அரை மணித்தியாலம்

உதவியாளரோடு நடந்த அந்த உரையாடல் அப்படியே கடல் கடந்து, அதை நடத்துகிற வெளிநாட்டுக் கம்பனியின் கணினியில் பதிவாகிவிட்டது. நடந்ததை அக்காவுக்கு விளக்கினேன். பதினேழையும் மாற்றினேன். அரை மணித்தியாலம்தான் பிடித்தது. பழையவை இனி எதற்கும் உதவாது, புதியவை பத்திரமாகப் பெட்டகத்துக்குள். நானா இப்போதெல்லாம் கடவுச்சொல்லைத் தொடுவதே இல்லை.

"அவருக்குத் தெரிய வராது அக்கா, விடுங்கோ" என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைச் சொன்ன என் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார்: "உங்கட கந்தோர், நீங்கள் இருங்கோ. பிழை என்ர, அதை மறைச்சுக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

தேத்தண்ணி

நானும் பின்னாலே நானாவின் கந்தோருக்குப் போனேன். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. தன் பிழையை மட்டும் சொன்னார். நானா கடைசி வரை கேட்டார். உள்ளே திரும்பி மூன்று தேத்தண்ணிக்குச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கடவுச்சொல் எல்லாம் மாத்தியாச்சா?" என்றார். மாற்றியாயிற்று என்றேன். "எத்தினை மணிக்கு?" மூன்றரைக்கு என்றேன். சுவரில் மணி ஐந்தேகால். "அப்ப இவ்வளவு நேரமும் என்ன யோசிச்ச?"

மறைக்கத்தான் யோசித்தேன் என்பது அவருக்கே விளங்கிவிட்டது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அக்காவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க நாளையிலிரிந்து இஞ்ச வேலைக்கு வாங்க. தம்பி, நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

இப்போது கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இதே வேலையை வீட்டில் இருந்தபடியே செய்கிறேன். பிழை விட்டால் ஐந்து நிமிடத்துக்குள் தானே எழுதி அறிவிக்கிறவன் என்று அங்கே எனக்கு நல்ல பெயர், அந்தப் பழக்கத்துக்கு நான் கொடுத்த விலை ஒரு கந்தோரும் ஓர் அக்காவும் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.