ஒரே நீலத்தில் நான்கு ஜம்பர்

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் வேறொரு பெண்ணைக் காட்டிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. குறும்புக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக யோசித்து, அத்தைக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தேன். குறும்புக்குச் செய்திருந்தால் அப்பாவிடம் நாலு அடி வாங்கியதோடு மறந்து போயிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில், கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் என்றால் சர்ச். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை, அம்மாவின் தையல் மிஷின் எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். இதில் அதிக இடம் பிடித்தது மிஷின்தான். அதற்கு அடுத்தபடி அத்தை.

அத்தை குண்டு இல்லை. நல்ல உயரம், அகன்ற தோள், வேலை செய்து இறுகிய கை. குழாயடியிலிருந்து இரண்டு கைக்கு இரண்டு வாளி தூக்கிக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் வருவாள். மாட்டுங்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சீசாக்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்த்தாள். ராத்திரி எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கம்பெனிக் கதையெல்லாம் சொல்வாள். எனக்கு அவளைவிடச் சிறந்த மனுஷி உலகத்தில் கிடையாது. ஆனால் அவளைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் வந்தவர்கள் உயரம் ஜாஸ்தி என்றார்கள். இரண்டாவது வந்தவர்கள் தோள் ஆம்பளைத் தோள் என்றார்கள். மூன்றாவது வந்தவர்கள் கோயிலில் பார்த்த கையோடு வீட்டுக்கும் வந்து, காப்பியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

நாலாவதாகச் செம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இதுவும் தட்டிப்போச்சுன்னா ஊர்ல அந்த ரெண்டு பிள்ளக்காரருக்குச் சரின்னு எழுதிப் போட்டுருவேன். எத்தன நாளைக்குத்தான் வச்சுப் பாக்க?" ரெண்டு பிள்ளைக்காரர் என்றால் மனைவியை இழந்தவர், நாற்பது தாண்டியவர். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பொறுக்கினாள்.

அம்மாதான் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கத்தரிக்கோல்.

"குத்தம் உடம்புல இல்லட்டி, துணியில இருக்கு" என்றாள் அத்தையிடம். "அந்த மூணு தடவையும் நீ என்னத்தப் போட்ட? கையே இல்லாத மாதிரி ஒட்டக் கை, இறுக்கிப் பிடிச்ச ஜாக்கெட்டு. இப்ப வார ஃபேஷனெல்லாம் கொடி மாதிரி இருக்கவளுக்கு வெட்டுனது. உன் தோளுல அதப் போட்டா கோதாவுல எறங்குத மாதிரிதான் இருக்கும்."

"அப்ப நான் என்னத்தப் போட, மைனி? சாக்கையா?"

"ஜம்பர் போடு."

அத்தை சிரித்துவிட்டாள். ஜம்பர் என்பது எங்கள் பக்கத்து டீச்சரம்மாக்களும் பாதிரியார் வீட்டம்மாக்களும் ஒரு காலத்தில் போட்டது. இடுப்புக்குக் கீழே இறங்கி, ஓரமெல்லாம் லேஸ் வைத்து, சேலைக்கு மேலே தொளதொளவென்று நிற்கும். பம்பாயில் அதைப் போட்டால் ஊரிலிருந்து நேற்றுத்தான் இறங்கினாயா என்று கேட்பார்கள். அம்மா பெட்டியைத் திறந்து, தான் போர்டிங்கில் படித்த காலத்துப் போட்டோ ஒன்றை எடுத்தாள். பின்வரிசையில் ஒரு டீச்சர், அத்தையின் உயரம், அத்தையின் தோள், ராணி மாதிரி நின்றிருந்தார். "இவங்க வந்தா சத்தமே இருக்காது பாத்துக்க. பயத்துல இல்ல, பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கும்" என்றாள் அம்மா.

குர்லாவில் மில் துணியின் மிச்சம் விற்கும் கடையில் மயில் கழுத்து நீலத்தில் ஒரு பெரிய துண்டு வாங்கி வந்தாள். பார்சிக் காலனியில் ஒரு வயதான அம்மா தன் பழைய கவுன்களைத் தள்ளிவிட்டபோது வாங்கி வைத்திருந்த வெள்ளை லேஸைப் பிரித்தெடுத்தாள். போட்டோவைச் சுவரில் குத்திவைத்துவிட்டு, அதில் இருந்ததை அப்படியே வெட்டாமல் அத்தைக்குத் தகுந்தாற்போல் மாற்றி வெட்டினாள். தோள் தையலை அரை அங்குலம் உள்ளே தள்ளினாள். கையை முழங்கை வரை நேராக இறக்கினாள், சுருக்கம் கிடையாது. கழுத்தைக் கீழ்நோக்கி இறக்கி, லேஸைக் கழுத்தைச் சுற்றி வைக்காமல் முன்பக்கம் இரண்டு கோடாக நெடுக இறக்கினாள். "கண்ணு குறுக்க போவப்படாது, நெடுக போவணும். அம்புட்டுத்தான் வித்தை" என்றாள். நான் கொக்கிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அத்தனையையும் கேட்டேன். இன்றைக்கும் கடையில் துணி எடுக்கும்போது என் காதுக்குள் அந்தக் குரல்தான் ஓடுகிறது.

எங்கள் சபையில் முதல் பார்வை வீட்டில் நடக்காது, கோயிலில் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் சும்மா ஆராதனைக்கு வந்ததுபோல வந்து உட்காருவார்கள். பெண்ணுக்குத் தெரியாது என்பது கணக்கு. பெண்ணுக்கு மட்டுமில்லை, சந்துக்கே தெரிந்திருந்தாலும் யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆண்டவர் சந்நிதியில் விரல் நீட்டி இவள்தான் என்று காட்டுவது கேவலம் என்பதால் அடையாளம் மட்டும் சொல்லி அனுப்புவார்கள். சம்பந்தம் பேசியவர், கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரின் மனைவி; அவர் செவ்வாய்க்கிழமையே செம்பூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்: நீல ஜம்பர், வெள்ளை லேஸ். பம்பாயில் ஜம்பர் போடுகிற குமரி வேறு யார் இருக்கிறாள்? தப்பவே தப்பாது என்றார்.

தப்பியது. அம்மாவின் கைவேலைதான் அதற்குக் காரணம்.

புதன்கிழமை ஜம்பரை மடிப்புப் போக வாசலில் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாள். ஒல்லி, நீளக் கழுத்து, சந்திலேயே அழகி. "சித்தி, எனக்கும் இதே மாதிரி வேணும்" என்றாள் அம்மாவிடம். அவளுடைய அம்மா பின்னாலேயே வந்து, "ஏன், எனக்கு மட்டும் தைக்க மாட்டியாக்கும்?" என்றாள். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த குட்டையான பெண்ணும் வந்து நின்றாள். அம்மாவால் காரணம் சொல்லி மறுக்க முடியவில்லை, ஏனென்றால் காரணம் ரகசியம். அதுவும் போக, மூன்று பேர் வந்து கெஞ்சி நிற்பது அவளுக்குப் பிடித்துமிருந்தது. அதை மறைப்பானேன்? "ஈஸ்டருக்குப் போடுங்க. அதுக்கு முன்ன எடுக்கப்படாது, கேட்டியளா?" என்று சொல்லித் தைத்துக் கொடுத்தாள்.

ஒரே துணி, ஒரே லேஸ். ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒல்லி அக்காவுக்கு மூடின கழுத்து, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு லேஸ், புஸ்ஸென்று உப்பின கை. "உனக்குத்தாண்டி இந்த உப்பல் கை. எலும்புக்குச் சதை வச்ச மாதிரி இருக்கும்." அவளுடைய அம்மாவுக்குக் கை பருத்த இடத்தில் ஜம்பர் கையின் ஓரம் நிற்காதபடி இன்னும் நாலு விரல் கீழே இறக்கினாள். குட்டைப் பெண்ணுக்கு ஜம்பரின் நீளத்தைக் குறைத்து, லேஸையும் மெலிதாக வைத்தாள். "நீளமா வச்சா உன்னத் துணி முழுங்கிப்போடும்" என்றாள். ஆளுக்கு ஒரு திட்டு, ஆளுக்கு ஒரு வெட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அத்தைக்கு ஜம்பரைப் போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் தெரியும். மாட்டுங்காச் சேலைக் கடையில் ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. சேலை வாங்குகிற பாவனையில் உள்ளே போய் அம்மா விலை கேட்டுக்கொண்டிருக்க, அத்தை கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

நின்றவள் நகரவே இல்லை. கடைக்காரர் "ஔர் கியா திகாவூம்?", வேறென்ன காட்டட்டும் என்று இந்தியில் இரண்டு தடவை கேட்டார்.

"மைனி, இது நாந்தானா?" என்றாள் அத்தை. அவள் கண் நிறைந்து வழிந்தது.

நான் அதைப் பார்த்தேன். அழுகிறாள் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஜம்பர் நன்றாக இல்லை, அம்மாவிடம் சொல்லப் பயந்து அழுகிறாள், நாளைக்குக் கோயிலுக்கு வருகிறவர்களும் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார்கள், அத்தையை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்வரை என் மனதில் இதுதான் ஓடியது. அத்தை என்னவோ வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி அம்மா ஜம்பரை இஸ்திரி போட்டதை அக்கம்பக்கம் பார்த்துவிட்டது. இவள் மட்டும் நாளைக்கே போட்டுக்கொண்டு போவாளாம், நாம் ஈஸ்டருக்குக் காத்திருக்கணுமாம்! மறுநாள் ஆராதனையில் பெண்கள் பக்கம் நாலு நீல ஜம்பர் உட்கார்ந்திருந்தன. அம்மா முதல் பாட்டுக்கு எழுந்தவள் அதைப் பார்த்துவிட்டு, பாட்டை மறந்து வாயைத் திறந்தபடியே நின்றாள். ஜெபத்தில் தலை குனிந்தபோது அவள் முணுமுணுத்தது ஜெபம் இல்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அம்மா உபதேசியார் மனைவியைத் தேடி உள்ளே ஓடினாள். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி இளையவள், மாப்பிள்ளையின் அக்கா. மற்றவர் அவளுடைய அம்மா. இளையவள் குனிந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

"பாப்பா, நீ தையக்காரம்மா மவதான? நீல ஜம்பர்ல உங்க அத்தை யாரு?"

எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்த பிறகுதான் வேண்டாம் என்றார்கள். பார்க்காவிட்டால் எப்படி வேண்டாம் என்பார்கள்? படியில் நின்று, உப்பின கையும் சுருக்கு லேஸுமாகச் சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினேன்.

"அந்தா, அவங்கதான் எங்க அத்தை" என்றேன், சத்தமாகவே.

எங்களுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, அத்தை யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் நின்றது. அவள் திரும்பவில்லை. அதனால் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உபதேசியார் மனைவி வாயெல்லாம் பல்லாக வந்தார். "அவங்களுக்குப் பூரண சம்மதம். கொடி மாதிரி இருக்கா, கழுத்தழகே போதும்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிச் சொல்லி மாளல."

கொடி என்ற சொல்லில் அம்மாவின் மிஷின் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள். நான் மிஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"யாரு காட்டிக் கொடுத்தது? யார்ட்ட கேட்டாவளாம்?" அப்பாவின் சத்தம் சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

"அங்க நின்ன யாரோ காட்டுனாங்களாம்…" என்று உபதேசியார் மனைவி இழுத்தார்.

"நாந்தான் மாத்திக் காட்டச் சொன்னேன்" என்றாள் அத்தை. "எனக்கு அந்த இடம் பிடிக்கல அண்ணாச்சி."

அப்பா அவள்மேல் கை ஓங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். "நாலு நாளு முதுகு ஒடியத் தச்சேனேட்டி" என்று அம்மா அழுதாள். அத்தை தலை நிமிராமல் நின்றாள். மிஷினுக்கு அடியில் இருந்த எனக்கோ ஒரே ஆச்சரியம். அத்தைக்கும் அந்த இடம் பிடிக்கவில்லையா! அப்படியானால் நான் செய்தது எவ்வளவு சரி! அவளும் நானும் பேசிவைக்காமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம். அன்று ராத்திரி அவள் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொண்டேன். அவள் கம்பெனிக் கதை எதுவும் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்பா ஊருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். ஆனி மாதம் அத்தையை ரயிலேற்றினார்கள். ரெண்டு பிள்ளைக்காரர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகள் இவளை அம்மா என்றே கூப்பிட்டன. ஆனால் பம்பாய்க்கு அவள் திரும்பி வரவே இல்லை.

அதற்கு முன்னால், ஈஸ்டர் கழிந்ததும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் செம்பூர் மாப்பிள்ளைக்கும் எங்கள் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. அத்தை அந்த நீல ஜம்பரைப் போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. நேராக நடந்து வந்து பெண்ணுக்கு முத்தம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கேக்கும் மிக்சரும் கொடுத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா எங்கள் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அத்தையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"யாரு தாயி நீ? எம்புட்டு நிறைவா இருக்க! உன்ன அன்னைக்குக் கோயில்ல நான் பாக்கவே இல்லையே."

என் தோளில் இருந்த அத்தையின் கை இறுகியது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாது என்று பிடிக்கிறாள் என நினைத்தேன்.

அந்த அம்மா நகர்ந்ததும் அத்தையை அண்ணாந்து பார்த்தேன். "பாத்தியா அத்தே, ஜம்பர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீ கடையில அழுதியே!"

அத்தை தன் பங்குக் கேக்கை எடுத்து என் கையில் வைத்தாள்.

அதையும் நானே தின்றேன்.